மண்ணரை ஸ்டாப்பில் ஏறாத ஆறு பேர்

போக்குவரத்தை மைனராக எடுத்திருக்கிறேன் என்று நான் சொன்னதும், அம்மா கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மைனரா? கழுத்துல செயினப் போட்டுட்டு புல்லட்டுல திரியறவனுங்களையல்லொ மைனருன்னு சொல்லுவாங்க?"

அந்த மைனர் இல்லை என்று புரியவைக்க இட்லி வேகும் நேரம் ஆனது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. முதன்மைப் பாடத்தோடு துணைக்கு இன்னொன்றும் படிக்க வேண்டும் என்று விதி. அந்த இன்னொன்றை ஒரே துறை நடத்தாது. சிவில் இன்ஜினியரிங்கில் ஒரு வாத்தியார், புவியியலில் ஒருவர், பொருளாதாரத்தில் ஒருவர், சமூகவியலில் ஒருவர் என்று மாறி மாறி வருவார்கள். எனக்கு உளவியல் படிக்கத்தான் ஆசை. பதிவு திறந்த நேரத்தில் நான் ரயிலில் இருந்தேன், சிக்னல் இல்லை. சிக்னல் வந்தபோது உளவியலும் இதழியலும் நிரம்பிவிட்டன. போக்குவரத்தில் மட்டும் இடம் தாராளமாக இருந்தது.

"செரி, பஸ்ஸப் பத்தி படிக்கிறதுக்கு என்ன இருக்குது? வந்தா ஏறோணும். வரலைன்னா நிக்கோணும்" என்றாள் அம்மா. அவள் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. எங்கள் குடும்பம் வெள்ளகோவிலிலிருந்து திருப்பூருக்கு வந்த நாளிலிருந்து அவள் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறாள்.

முதல் வகுப்பில் சிவில் வாத்தியார் எடுத்த எடுப்பில், "நீங்க எல்லாரும் இங்க எப்படி வந்தீங்க?" என்று கேட்டார். ஒருவன் கவுன்சலிங் என்றான். இன்னொருத்தி மேனேஜ்மென்ட் கோட்டா என்றாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "இன்னைக்குக் காலையில எப்படி வந்தீங்கன்னு கேட்டேன்" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருத்தி மட்டும் சிரிக்காமல் எழுந்து, "வீட்டுலருந்து ஸ்டேஷனுக்கு நடந்து பதினோரு நிமிஷம், ரயில்ல அம்பது நிமிஷம், அப்புறம் டவுன் பஸ், அதுக்கு நின்னது இருபது நிமிஷம் சார்" என்றாள். திரும்பிப் பார்த்தேன். தினமும் காலையில் திருப்பூரில் என் பெட்டியில் ஏறுகிறவள். ஒரு வருடமாக எதிரெதிரே உட்கார்ந்தும் பேசியதில்லை.

அவள் சிவில் மாணவி. அவள் வாப்பா பனியன் கம்பெனிகளில் விழும் கட்டிங் வேஸ்ட்டை வாங்கி விற்கிறவர். மண்ணரையில் அவர்களுக்கு ஒரு குடோன் உண்டு, வீடும் பக்கத்திலேயே. கையில் பெரிய டயல் வாட்ச் கட்டியிருப்பாள். எதற்கும் நொடி முள்ளைப் பார்ப்பாள். இரண்டாவது வாரத்தில் நாங்கள் வாடி போடி என்று பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டோம்.

மூன்றாம் ஆண்டில் ப்ராஜெக்ட் வந்தது. வேறு வேறு துறையைச் சேர்ந்த இரண்டிரண்டு பேர் சேர்ந்து ஒரு பஸ் ஸ்டாப்பை எடுத்துக்கொண்டு மூன்று வாரம் காலை நேரத்தில் கவனிக்க வேண்டும். யார் யார், எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எந்த வண்டியில் ஏறுகிறார்கள். மண்ணரை ஸ்டாப்பையே எடுத்துக்கொண்டோம். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவள் வீட்டில் பாத்ரூம் போகலாம், அவள் அம்மா டீ கொடுத்து அனுப்புவார், அவ்வளவுதான்.

காலை ஏழேகாலுக்கு அட்டையும் பேனாவுமாக நின்றோம். அந்த நேரத்தில் அந்தச் சாலையில் கம்பெனிக்குப் போகிறவர்கள் அலையலையாக வருவார்கள். கம்பெனி வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டே நகரும். ஷேர் ஆட்டோக்காரர்கள் தமிழிலும் இந்தியிலும் மாற்றி மாற்றிக் கூப்பிடுவார்கள். நடுவில் இரண்டு பெண்கள் நின்று எழுதிக்கொண்டிருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். டீக்கடைக்காரர் இரண்டாம் நாளே வந்துவிட்டார்.

"ஏனுங் கண்ணு, இந்த ஸ்டாப்பத் தூக்கப் போறாங்களாமா?"

"இல்லீங்க, நாங்க காலேஜுங்க."

"காலேஜுக்கு எதுக்குங்க எங்க ஸ்டாப்பு?"

ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள், டிக்கெட் செக்கிங் ஆட்கள், புது மால் கட்டப் போகிற கம்பெனியின் ஆட்கள் என்று எங்களைப் பற்றிப் பல கதைகள் உலாவின. நாலாம் நாள் பழகிவிட்டார்கள்.

அந்த நாலாம் நாள்தான் அந்த ஆறு பேரைக் கவனித்தோம். ஏழு ஐம்பத்தைந்துக்கு ஒரு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ். உள்ளே உட்காரவே இடம் இருக்கும். ஸ்டாப்பில் நின்ற பெண்கள் எல்லோரும் ஏறினார்கள், ஆறு பேரைத் தவிர. அவர்கள் ஃப்ளெக்ஸ் பேனரின் நிழலில் டிபன் பையோடு நின்று பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கண்டக்டரைப் பார்த்து, நீங்கள் போங்கள் என்று கையசைக்கக்கூடச் செய்தாள். அடுத்து எட்டு இருபதுக்கு அதே நம்பர் பஸ் படிவரை ஆள் தொங்க வந்து, நிற்காமலே போனது. உடனே அந்த ஆறு பேரும், அதற்குள் எங்கிருந்தோ வந்து சேர்ந்த இன்னொருத்தியும், ஷேர் ஆட்டோவைப் பிடிக்க ஓடினார்கள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

தோழிக்குப் பொறுக்கவில்லை. "காலி பஸ்ஸு வருது. காசு கிடையாது. எட்டரைக்குக் கம்பெனி. ஏன்டி ஏறல? இத எந்தக் கட்டத்துல எழுதறது?"

எங்கள் தாளில் ஏறியவர்களுக்குக் கட்டம் இருந்தது, இறங்கியவர்களுக்கு இருந்தது, இடமில்லாமல் விடப்பட்டவர்களுக்கும் இருந்தது. தாமாகவே ஏறாதவர்களுக்கு இல்லை.

போய்க் கேட்டேன். அந்தக் கும்பலில் சத்தமாகப் பேசுகிற அக்காவுக்குத் தேனிப் பக்கம். இங்கே வந்து பல வருடமாகியும் அவர் பேச்சு மாறவில்லை.

"ஒரே பவர் டேபிள்தா நாங்க. இன்னொருத்தி வரணும். அவ ஓவர்லாக் அடிச்சுக் குடுத்தாத்தான் எங்களுக்கு வேலையே. அவ இல்லாம நாங்க முன்னாடி போயி என்ன செய்ய?"

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பவர் டேபிள் என்பது ஒரு தையல் பிரிவு. ஓவர்லாக்கில் ஒருவர் ஓரம் அடித்ததை அடுத்தவர் வாங்கித் தைக்க வேண்டும், ஒருவர் வராவிட்டால் எல்லோருக்கும் வேலை நிற்கும். பொருளாதாரப் பாடத்துக்கு ஏற்ற பதில். அப்படியே எழுதிக்கொண்டேன். மறுநாள் தோழி என் முழங்கையை இடித்தாள்.

"கழுத்தப் பாருடி."

அவர்கள் கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு தொங்கியது. நாலு பேருக்கு நீல நாடா, இரண்டு பேருக்குச் சிவப்பு. இரண்டு வேறு கம்பெனிகள். ஒரே பவர் டேபிள் என்பது சும்மா சொன்னது.

அன்று ஏழு ஐம்பத்தைந்து பஸ் போன பிறகு நான் மட்டும் போய் அந்த அக்கா பக்கத்தில் நின்றேன். அட்டையைத் தோழியிடமே கொடுத்துவிட்டேன். கேட்கலாமா என்று தயங்கி, கடைசியில் நாடாவைக் காட்டிச் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டார்.

"எழுதுற பிள்ளைககிட்ட எல்லாத்தையும் சொல்ல முடியுமாத்தா? எழுதிப்புட்டீகன்னா?"

"எழுதல அக்கா."

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வரப்போறாளே, அவ புருசன் செத்து எட்டு மாசம் ஆச்சு. நெஞ்சு வலின்னு படுத்தவன் எந்திரிக்கல. காரியம் எல்லாம் முடிஞ்சு வேலைக்கு வாரேன்னு கெளம்பி வருவா. இந்தா இதே எடத்துல நிப்பா. பஸ்ஸு வந்து நிக்கவும் திரும்பி வீட்டுக்கு நடந்துருவா. நாலு நாளு இப்படியே பண்ணுனா. அஞ்சாம் நாளு நாங்க ஒருத்தியும் ஏறல. நீ ஏறுனா நாங்க ஏறுறோம், இல்லாட்டி எல்லாரும் வீட்டுக்குப் போவோம்னு நின்னுட்டோம். ஒரு பஸ்ஸு போச்சு. அடுத்ததும் போச்சு. அன்னைக்கு ஏழு பேருக்கும் அரை நாள் சம்பளம் போச்சு. மறுநாளு பேசாம வந்து ஏறிட்டா."

"இப்ப எப்படியிருக்காங்க அக்கா?"

"நல்லாத்தான் இருக்கா. ஏன் எனக்காக நிக்கிறீகன்னு எங்களையவே ஏசுறா. அதுக்காக விட்டுட்டுப் போகவா முடியும்?"

அவர் சொல்லி முடிக்கும்போதே அவள் வந்துவிட்டாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. வாயில் கவ்விய ஹேர்பின்னை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டே, "ஏனுங்க்கா, போயிருக்கலாமல்லொ? நேத்தும் சொன்னனல்லொ?" என்று சத்தம் போட்டாள்.

தோழி அதற்குள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். "நீங்க ஏன் அக்கா ஒரு பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பக் கூடாது?" என்று நேராகக் கேட்டுவிட்டாள். எனக்கு அவள் காலை மிதிக்கலாம் போல இருந்தது.

வந்தவள் கோபப்படவில்லை. "ஸ்கூல் கேட்டு எட்டு மணிக்குத்தானுங்க தொறக்கறாங்க. ரெண்டாவது படிக்கற புள்ளைங்க. ரோட்டுல நிறுத்திப்போட்டு வர முடியுங்களா? கேட்டு தொறந்து அவ உள்ள போறதப் பாத்துட்டு ஓடியாரனுங்க. அதுக்குள்ள இந்த பஸ்ஸு போயிருது."

தோழி அட்டையைத் திருப்பி, ஸ்கேல் கூட இல்லாமல், கடைசியில் ஒரு கோடு போட்டுப் புதுக் கட்டம் ஒன்றை உண்டாக்கினாள். அதன் தலையில் 'இன்னொருவருக்காக நின்றவர்கள்' என்று எழுதினாள். மீதி இரண்டு வாரமும் அதை நிரப்பினோம். அவர்கள் மட்டும் இல்லை. அண்ணனுக்காக நிற்கும் தங்கை, சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டு வந்த கணவனுக்கு அதைக் கொடுத்துவிட்டு ஏறலாம் என்று நிற்கும் மனைவி, ஒரே அறையில் தங்கியிருக்கும் ஒடிசாப் பையன்கள் என்று தினமும் அந்தக் கட்டத்தில் யாராவது இருந்தார்கள்.

எங்கள் அறிக்கையின் முடிவு ஒரே வரி: ஏழு ஐம்பத்தைந்து பஸ் எட்டு ஐந்துக்கு வந்தால் போதும். புது பஸ் வேண்டாம், புது ரோடு வேண்டாம். வகுப்பில் படித்துக் காட்டியபோது கைதட்டினார்கள். புவியியல் வாத்தியார் மட்டும், "இதுக்கு முன்னாடி ஸ்டாப்புல எல்லாம் யார் ஏறுறாங்க, அவங்க எங்க போறாங்கன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டார். "அது எங்கள் ஆய்வு எல்லைக்கு வெளியே சார்" என்றேன். அந்த வாக்கியத்தை அந்த வாரம்தான் கற்றிருந்தேன். சொல்லிப் பார்க்க நன்றாக இருந்தது. அவர் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். நல்ல மதிப்பெண் வந்தது.

படிப்பைப் பொறுத்தவரை அங்கே முடிந்தது. ஆனால் தோழி தினமும் அந்த ஸ்டாப்பைத் தாண்டித்தான் ரயிலுக்குப் போக வேண்டும். "பஸ்ஸு எப்பத்தா மாறும்?" என்று தேனி அக்கா ஒவ்வொரு நாளும் கேட்டாராம். மாற்றுவது எங்கள் கையில் இல்லை என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. மூன்று வாரம் நின்று எழுதியவர்களுக்கு ஏதோ அதிகாரம் இருக்கத்தான் வேண்டும் என்பது அவர் எண்ணம். கடைசியில் தோழி சொன்னாள்: "நான் வேற தெரு வழியா சுத்தி நடக்கறேன்டி இப்ப. மூணு நிமிஷம் கூட ஆகுது. இதுக்கு டிப்போவுக்கே போயிடலாம்."

ஸ்டாப்பில் நின்றவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனோம். டிப்போவில் இருந்த அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்கள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பாதியில் நிமிர்ந்து, "எங்களத் திட்டவே இல்லீங்களே?" என்றார்.

"திட்டறதுக்கு ஒண்ணும் இல்லீங்க சார். பத்து நிமிஷம் தள்ளி வந்தாப் போதுமுங்க."

அவர் ஏறாத ஆறு பேரைப் பற்றிய பக்கத்தில் விரலை வைத்தார். "இத எங்க கண்டக்டரும் சொல்லுவாருங்க. ஆறு பொம்பளைங்க தினமும் எனக்கு டாட்டா காட்டறாங்கன்னு." சிரித்தார். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் நடக்காது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டு வந்தோம்.

செமஸ்டர் லீவில் ஒரு திங்கட்கிழமை காலை தோழி போட்டோ அனுப்பினாள். எட்டு ஐந்து பஸ். ஜன்னலோரத்தில் ஏழு பேரும் தெரிந்தார்கள். கடைசியாக ஓடி வருகிறவள் நிதானமாக உட்கார்ந்திருந்தாள், தலை சீவி முடித்து. அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொண்டே நான் அன்று முழுக்க வீட்டில் வேலை எதுவும் செய்யவில்லை.

பொழுதோடு அம்மா வந்தாள். செருப்பை ஒரு மூலையில் உதறினாள்.

"எந்தக் கெரகம் புடிச்சவன் இப்படிப் பண்ணுனான்னு தெரியல. ஏழே முக்கால் பஸ்ஸு ஏழு அம்பத்தஞ்சுக்கு வருது. பழைய பஸ் ஸ்டாண்டுல எறங்கறதுக்குள்ள எனக்கு அடுத்த பஸ்ஸு போயிருச்சு. கால் மணி நேரம் கேட்டுக்கு வெளிய நின்னேன், புதுசாச் சேந்தவளாட்டம்."

அதே பஸ்தான். எங்கள் வீட்டுப் பக்கத்து ஸ்டாப், மண்ணரைக்கு முன்னால் வருவது. அம்மா எழுந்து கிளம்புவதற்குள் நான் ரயிலுக்குப் போய்விடுவேன். அவள் எந்த பஸ்ஸில் ஏறுகிறாள், எங்கே மாறுகிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த மூன்று வாரமும் அவள் என் முன்னாலேயே மறுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருக்கிறாள்; நான் ஸ்டாப்பில் நின்றவர்களை மட்டும்தான் பார்த்தேன். மண்ணரையில் யார் யார் எத்தனை நிமிடம் நின்றார்கள் என்று என் அலமாரியில் ஒரு கட்டுத் தாள் இருந்தது.

"அது நாந்தாம்மா" என்றேன்.

"எது?"

"பஸ்ஸ மாத்துனது."

முழுக்கச் சொன்னேன். ஆறு பேர், எட்டு மாதம், ஸ்கூல் கேட். அம்மா கால் கழுவப் போனவள் வாசலிலேயே நின்று கேட்டாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும். "பெத்தவள கேட்டுக்கு வெளிய நிறுத்தறதுக்குத்தான் மைனரு படிச்சியா?"

"நாளைக்கே டிப்போவுக்குப் போயிச் சொல்லிடறேன்மா. பழையபடி மாத்தச் சொல்றேன்."

சிரிப்பு நின்றது. "அதெல்லாம் வேண்டாம். அந்தப் புள்ளயக் கேட்டுக்குள்ள உட்டுட்டுத்தான அவ வரோணும்? எனக்கு வேற வழி பாரு. அதத்தான படிச்சிருக்கற?"

மறுநாள் கம்பெனியில் அவள் சூப்பர்வைசரிடம் என்ன சொன்னாள் என்பது பிறகுதான் தெரிந்தது. தாமதத்துக்குக் காரணம் கேட்டதற்கு, "என்ற மக எழுதிக் குடுத்துத்தானுங்க பஸ் டைமையே மாத்தியிருக்கறாங்க" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவரோ, அப்படியே கம்பெனி கேட் டைமையும் மாற்றச் சொல்லுங்கள் என்றாராம்.

தோழியிடமும் சொன்னேன். அவள் உடனே மேப்பைத் திறந்து உட்கார்ந்தாள். அம்மா பழைய பஸ் ஸ்டாண்டு வரை போகாமல் அதற்கு முந்தின ஸ்டாப்பில் இறங்கி, குடோன்கள் இருக்கும் ஒரு சந்து வழியாக அடுத்த ரோட்டுக்கு நடந்தால், நெரிசலில் ஊர்ந்து வரும் இரண்டாவது பஸ்ஸைப் பிடித்துவிடலாம். மனிதர் நடக்கும் வேகம் என்று பாடப்புத்தகத்தில் ஒன்று இருக்கிறது. அதன்படி ஐந்தரை நிமிடம். அரை நிமிடம் மிச்சம் கூட இருந்தது.

புதன்கிழமை மூன்று பேரும் சேர்ந்தே போனோம். அம்மா இறங்கி சந்துக்குள் நுழைந்தாள். பத்தடி போனதும் முன்பு கூட வேலை பார்த்த ஒருவர் எதிரே வந்தார். நின்று, மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் போனதும் ஒரு குடோன் வாசலில் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவர், அவரிடம் மழையைப் பற்றி. ஒன்பது நிமிடம். பஸ் எங்கள் கண் முன்னாலேயே போனது.

"அம்மா, யாரையும் பாக்காம நேரா நடங்கம்மா" என்றாள் தோழி, கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

"பாத்துப்போட்டு பேசாமப் போனா என்ன நினைப்பாங்க கண்ணு?"

வியாழக்கிழமை ஒரு லாரி சந்தின் குறுக்கே நின்று துணி பேல்களை ஏற்றிக்கொண்டிருந்தது. பஸ் அன்றும் போனது. அம்மா அன்றும் கேட்டுக்கு வெளியே நின்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால், "செரி செரி, நாளைக்குப் பாக்கலாம்" என்று தடுத்துவிடுவாள்.

அன்று மாலை தோழி தனியாகப் போய் அந்தச் சந்தில் மேலும் கீழும் நடந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் வந்து சொன்னாள்: இடது பக்கத்துக் குடோன்கள் எல்லாம் ஒன்பது மணிக்கு மேல்தான் திறக்கும், அந்த ஓரமாக நடந்தால் யாரும் நிற்க மாட்டார்கள். வாப்பாவிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டாளாம். அன்றே அம்மா அந்த ஓரமாக நடந்தாள். எதிர்ப்பக்கத்தில் தெரிந்தவர்களுக்கு நடந்துகொண்டே கையைத் தூக்கிக் காட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் கிட்டத்தட்ட ஓடினோம். பஸ் வந்து நின்றபோது அம்மா படியில் முதல் ஆளாக ஏறிவிட்டாள். உள்ளே போய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ரெண்டு பேரும் சாப்புட்டுட்டுப் போங்க, ஊட்டுல தோச மாவு இருக்குது" என்று கத்தினாள். தோழி வாட்சைப் பார்க்கவே மறந்துவிட்டாள்.

அவள் இப்போது வேறு ஊரில் மேற்படிப்பு படிக்கிறாள். நான் இங்கேயே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், தொழிலாளர்களை அழைத்துவரும் வேன்களுக்கு வழி போடுகிற வேலையில் இருக்கிறேன். புது வழி போடுவதற்கு முன்னால் ஒரு வாரம் அந்த வேனிலேயே உட்கார்ந்து போய்வருவேன். முதல் ஸ்டாப்பிலிருந்து.

அம்மா இன்னமும் அந்தச் சந்து வழியாகத்தான் போகிறாள். ஒரு வருடத்துக்குள் இடது பக்கத்திலும் அவளுக்குப் பழக்கமானவர்கள் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் இப்போது அவள் நிற்பதில்லை. போகிற போக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவாள், அவர்கள் பின்னாலிருந்து பதில் சொல்வார்கள், மீதியை மறுநாள் காலையில் வைத்துக்கொள்வார்கள். ஒருவரின் முழங்கால் வலி எப்படிக் குணமானது என்ற கதையை அவள் கேட்டு முடிக்க ஒன்பது நாள் ஆனதாம்.